பழைய பல்லும் புது செயினும்

ஜெசிந்தாவிடம் பைக் மெக்கானிக் தொழில் படிக்க வந்தவர்களில் தணிகாசலம் ஒருவருக்குத்தான் தலை நரைத்திருந்தது. மில்லை மூடிய பிறகு, ஐம்பது வயதுக்கு மேல் ஸ்பேனரைப் பிடித்தவர். அவளைவிடப் பத்து வயது பெரியவர். அவர் அவளை மேஸ்திரி என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். திட்டும்போதும் அண்ணேதான்.

அன்று விடிந்ததிலிருந்து மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. பட்டறைக்குள் பகலிலேயே விளக்கு எரிந்தது.

"மாப்பிள்ளை குடிக்கறதில்லையாம், மேஸ்திரி. மலைக்கு மாலை போட்டிருக்காராம்" என்றார் தணிகாசலம்.

"மாலையைக் கழட்டின பிறகு?"

"அதைப் பத்திப் பேச்சு வரலை. சாயங்காலம் அவங்க வீட்டு ஆளுங்க வர்றாங்க. கோமளாவை அவங்ககூட அனுப்பிடலாமா?"

கோமளா அவருடைய ஒரே மகள். தீபாவளி முடிந்த கையோடு, மணிக்கட்டில் கட்டுடன் அப்பா வீட்டுக்கு வந்தவள். கேட்டதற்கு, வழுக்கி விழுந்தேன் என்றாள்.

"அந்த வீட்டுல வேற யாரு?"

"மாமியார், மூத்தவர், அவர் சம்சாரம். அவங்க எப்பவும் போலத்தான்."

"எப்பவும் போலன்னா?"

தணிகாசலம் ஸ்பேனரைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

அந்த நேரம் பார்த்து மருந்துக்கடைக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு நனைந்தபடி வந்தார். முந்தின நாள்தான் அந்த வண்டிக்குத் தணிகாசலம் செயின் மாற்றிக் கொடுத்திருந்தார்.

"என்னய்யா மாட்டினே? கரகரன்னு அரைக்குது. பழசு தொங்கினாலும் வாயை மூடிக்கிட்டு ஓடுச்சு. நல்ல சரக்காப் பார்த்துப் போடக்கூடாதா?"

தலையைத் துவட்டிக்கொண்டே டீக்கடைக்குப் போய்விட்டார்.

"புது செயின்லதான் கோளாறு" என்றார் தணிகாசலம். "கடைக்காரன் மட்டமானதைத் தலையில கட்டிட்டான்."

ஜெசிந்தா பின்சக்கரத்தைக் கழற்றச் சொன்னாள். கழற்றினார்.

"நேத்து பல்லைப் பார்த்தீங்களா, அண்ணே?"

"பார்த்தேன். பளபளன்னுதான் இருந்தது."

"கண்ணால பார்த்தா பளபளன்னுதான் இருக்கும். விரலை வெச்சுத் தடவுங்க."

தடவினார். சக்கரத்தோடு சுற்றும் அந்தப் பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. நுனி மீன்முள்ளாக விரலில் குத்தியது.

அவள் புது செயினை அதன்மேல் சுற்றினாள். நாலு பல் தாண்டுவதற்குள் அது மேலே ஏறிக்கொண்டது. அழுத்தினாள். மறுபடியும் ஏறியது. பிறகு கழிவு டப்பாவிலிருந்து பழைய செயினை எடுத்துச் சுற்றினாள். அது சொகுசாகப் போய் உட்கார்ந்தது.

"பழசு எவ்வளவு பாந்தமா உட்காருது!"

"உட்காராம? செயின் நீண்டுக்கிட்டே போச்சு, பல்லு வளைஞ்சுக்கிட்டே போச்சு. ஒண்ணையொண்ணு தின்னு தின்னுப் பொருந்தியிருக்கு."

"அப்ப புதுசு?"

"ஒரு மழைக்காலம் தாங்காது. முன்னாடி பல், பின்னாடி பல், செயின் எல்லாம் சேர்த்து மாத்தணும். செயினை மட்டும் மாத்தினா, இந்தப் பல்லு அதையும் இழுத்து நீட்டித் தனக்கு ஏத்த மாதிரி ஆக்கிக்கும்."

தணிகாசலம் அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"மாப்பிள்ளை திருந்தினாலும் அந்த வீடு விடாதுங்கறீங்க."

"நான் வண்டியைப் பத்திச் சொல்றேன்."

வெளியே மழை வலுத்தது. விரலில் குத்திய இடத்தைத் தணிகாசலம் வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஆம்பிளைகள், வேண்டிய பதில் வரும்வரை அதே கேள்வியை வேறு வேறு மாதிரி கேட்பார்கள். அவரும் கேட்டார்.

"இல்ல மேஸ்திரி, கோமளாவும் பழகிட்டா. முதல் வருஷம் ஃபோன் போட்டா அழுகைதான். ரெண்டு தடவை அனுப்பி வெச்சப்பவும் வாசப்படியைப் பிடிச்சுக்கிட்டு என்னைத் திட்டினா. நீயெல்லாம் அப்பனான்னு கேட்டா. இந்தத் தடவை அப்படியெல்லாம் இல்ல. போறியாம்மான்னேன். சரிப்பான்னுட்டா."



அவருடைய ஃபோன் அடித்தது. மனைவி. அந்தக் குரல் பட்டறை முழுக்கக் கேட்டது.

"சாயங்காலம்னாங்க, இப்பவே வந்து உட்கார்ந்தாச்சு. இவ தலையைச் சீவிக்கிட்டு, பையைக் கொண்டாந்து வாசல்ல வெச்சுட்டா. என்ன சொல்லட்டும்? எங்க இருக்கீங்க?"

தணிகாசலம் ஃபோனை உள்ளங்கையால் பொத்தினார்.

"அவளே கிளம்பிட்டா, மேஸ்திரி. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. அனுப்பலாம்தானே?"

ஜெசிந்தா பழைய செயினைப் பல்லிலிருந்து உருவி டப்பாவுக்குள் போட்டாள்.

"சத்தம் போடற வண்டி இன்னும் ரெண்டு நாள் தாங்கும், அண்ணே. சத்தத்தை நிறுத்திட்ட வண்டியைத்தான் நான் முதல்ல கழட்டிப் பார்ப்பேன்."