நகரக் கூடாத மீட்டர்

திருநெல்வேலியில் பழைய வண்டி விக்கிற வடமலையை நினைச்சாலே எனக்கு வயிறு எரியும். நான் அவன்கிட்ட எலக்ட்ரீஷியன். ஒரு வேனின் ஸ்பீடு சென்சார் வயரைக் கழற்றிட்டு மூணு வருஷம் ஊரெல்லாம் ஓட்டினான். கிலோமீட்டர் காட்டுற மீட்டர் அறுபதாயிரத்திலேயே நின்னுபோச்சு. "அவ்வளவுதான் ஓடியிருக்கு"ன்னு கூசாமச் சொல்லுவான்.

அதை வாங்க ஞானராயர் வந்தார். முட்டி தேய்ஞ்ச மனுஷன். ஆக்சிலேட்டரை மிதிக்காமலே ஒரே வேகத்தில் போக க்ரூஸ் கன்ட்ரோல் வேணும், ஓட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன்னார். அவரைப் போய் ஏமாத்தப் பார்த்தான், பாவி!

என்னைத் தனியா இழுத்துட்டுப் போனான். "ஏலே, க்ரூஸ் வேலை செய்யணும். மீட்டர் ஒரு நம்பர்கூட நகரக் கூடாது. நகர்ந்தா உன் கையை ஒடிச்சிருவேன்."

"ரெண்டுக்கும் ஒரே சென்சார்தான் அண்ணாச்சி."

"எதிர்த்துப் பேசாதல! சொன்னதைச் செய்யி."

"சரி அண்ணாச்சி"ன்னு வயரை மாட்டிவிட்டேன்.

ஞானராயர் ஓட்டினார். வடமலை அவர் பக்கத்தில், நான் பின்னால. நாலுவழிச் சாலையில் பொத்தானை அமுக்கினதும் க்ரூஸ் கச்சிதமாப் பிடிச்சுது. அவர் காலை எடுத்துட்டுச் சிரிச்சார். மீட்டரில் ஒரு நம்பர் நகர்ந்தது. அடுத்ததும் நகர்ந்தது. வடமலைக்குக் கோபம் தலைக்கேறி, பக்கத்தில் யார் இருக்காங்கன்னே மறந்துபோச்சு. என் பக்கம் திரும்பிக் கத்தினான்.

"மீட்டர் ஏம்ல ஓடுது?"

"வண்டி ஓடுதுல்லா அண்ணாச்சி!"

ஞானராயர் வேனை ஓரமா நிறுத்தினார். சிரிப்பு போயிட்டது.

"அப்போ இத்தனை வருஷமா மீட்டர் ஓடலியா வே?"