புளூட்டோ வீட்டு ஆலத்தி

கற்பூரம் ஏற்றி அதை அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்யலாம், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது! பொய்யென்றால் நாளைக் காலை பாதி மீசை உதிர்ந்து விழட்டும்! எந்தப் பாதி என்பதை நீங்களே சொல்லிக்கொள்ளலாம்.

அந்தக் காலத்தில் கோள்கள் எல்லாம் வாய் ஓயாமல் பேசும். அந்தக் காலம் என்றால் எந்தக் காலம் என்று மடக்க வேண்டாம். புளூட்டோவுக்கு ஒரு வருஷம் முடிவதற்குள் நம் பக்கம் பத்துத் தலைமுறை போய்விடும். அவன் காலண்டரில் இது நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

சூரியனைச் சுற்றியுள்ள தெருவில் அவன் வீடுதான் ஒதுக்குப்புறம். வெயில் அங்கே போய்ச் சேர்வதற்குள் களைத்துவிடும். உச்சிப் பொழுதும் அந்தி மாதிரிதான் இருக்கும். ஆள் குட்டை. உடம்பெல்லாம் பனி. மனைவி பெயர் சாரம்மா. புத்தகத்தில் அவனுடைய நிலா, சாரன் என்று போட்டிருக்கும். ஆம்பிளைப் பேர் மாதிரி இருக்கிறது என்று அவளே மாற்றி வைத்துக்கொண்டாள். புளூட்டோவில் பாதிதான் இருப்பாள், வாய் மட்டும் இரண்டு மடங்கு. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடியே சுற்றுவார்கள். முதுகைக் காட்டியதே கிடையாது. பார்ப்பதற்கு அங்கே வேறு யார் இருக்கிறார்கள்?

புளூட்டோவுக்கு ஒரே ஒரு குறை. அவன் வீட்டுக்கு விருந்தாளி என்று ஒருவரும் வந்ததில்லை. பூமிக்காரர்கள் எவ்வளவு பெரிய கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் அவன் ஒரு மங்கல் பொட்டுதான். கண் எது, கன்னம் எது என்று யாருக்கும் தெரியாது.

ஒருநாள் நெப்டியூன் குரல் கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பெரிய மனிதர், நீல உடம்பு, சதா புயலாய் இரைகிற ஆள்.

"டேய் குட்டையா! சேதி தெரியுமா? பூமியிலிருந்து ஒரு கலம் கிளம்பியிருக்கிறதாம். உன்னைப் பார்க்கத்தானாம்!"

"என்னையா? விளையாடாதீங்க அண்ணே."

"ஆட்டோ அளவுதான் இருக்கும். ஆனால் ஒரு விஷயம். அது கிளம்பின கையோடு, நீ கோளே இல்லை என்று உன்னைத் தள்ளி வைத்துவிட்டார்கள் அங்கே. பாதி வழியில் திரும்பிப் போனாலும் போய்விடும், பார்த்துக்கொள்."

"அண்ணே, உங்க வீட்டுக்கு ஒருதரம் ஒண்ணு வந்துச்சே. வந்தா என்ன செய்யும்?"

நெப்டியூன் வீட்டுக்கு வந்த கலம் நின்றுகூடப் பார்க்கவில்லை, விர்ரென்று கடந்து போய்விட்டது. அதைச் சொன்னால் அவர் கௌரவம் என்ன ஆவது? "என்ன செய்யுமா? வந்து உட்கார்ந்தது. நாலு நாள் தங்கியது. போக மனசே இல்லாமல்தான் போயிற்று" என்று அளந்துவிட்டார்.

அவ்வளவுதான். புளூட்டோவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"சாரம்மா, வர்றவங்களை எங்கே உட்கார வைக்கிறது? மேலெல்லாம் பள்ளமும் மேடுமா கிடக்கே!"

"இவ்வளவு காலமா நான் சொன்னப்ப காதுல விழுந்துச்சா? இப்பவாவது கொஞ்சம் இடத்தை ஒழுங்கு பண்ணுங்க."

பண்ணினான். நெஞ்சுக்கு நேராக ஒரு பெரிய இடத்தைத் தேர்ந்தெடுத்தான். கிடந்த பனிப்பாறைகளை எல்லாம் ஓரத்துக்குத் தள்ளினான்; தள்ளியது மலை மலையாகக் குவிந்தது. உள்ளே மிச்சமிருந்த சூட்டைக் கொண்டு அடிப்பனியை மேலே கிளப்பி, மேல்பனியைக் கீழே அமுக்கி, மாவு பிசைகிற மாதிரி பிசைந்து பிசைந்து சமன் செய்தான். எங்கிருந்தோ ஒரு கல் வந்து விழுந்து குழி பறிக்கும். திட்டிக்கொண்டே மறுபடி பிசைவான். கடைசியில் சலவை வேட்டியை விரித்தாற்போல் வெள்ளைவெளேர் என்று ஒரு சமவெளி.

"முதல் தடவை வர்ற ஆளு. ஆலம் சுத்தாம உள்ளே விடுறதா?" என்றாள் சாரம்மா.

மஞ்சளுக்கும் சுண்ணாம்புக்கும் அவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்பீர்கள். அவன் வீட்டுக் காற்றில் வெயில் பட்டால் செம்பொடி உதிரும். அதைச் சேர்த்துக் கரைத்தால் அசல் ஆலம்தான்.

"கெட்டியா கரைக்காதீங்க. இன்னும் கொஞ்சம் பொடி போடுங்க. ஐயோ, அவ்வளவு இல்லே!"

"நீயே வந்து கரையேன்."

"வர முடிஞ்சா வர மாட்டேனா? கை எட்டுற தூரத்திலயா கட்டி வச்சிருக்கு நம்மை?"

கலம் வந்தது. முதலில் ஒரு மினுக்கு. அப்புறம் சேதி கேட்கிற அதன் தட்டுக் காது தெரிந்தது. புளூட்டோ ஆலத் தட்டை ஏந்திக்கொண்டு நிமிர்ந்து நின்றான். வேகம் குறையும் குறையும் என்று பார்த்தான். குறையவில்லை.

"தம்பி! இந்தப் பக்கம் தம்பி! இடம் போட்டு வச்சிருக்கேன்!"

"ஐயா, மன்னிச்சுக்கோங்க!" காற்றைக் கிழித்துக்கொண்டு மெல்லிய குரல் வந்தது. "எனக்கு நிற்கத் தெரியாது. இவ்வளவு தூரம் ஓடி வர வேணும்னு உடம்பை இளைக்க வச்சு அனுப்பிட்டாங்க. பிரேக்கே கொடுக்கலை!"

"நிற்கத் தெரியாதா? அப்போ எதுக்கு வந்தே?"

"பார்க்க வந்தேன் ஐயா. கண் மட்டும்தான் கொடுத்திருக்காங்க. பேச்சுக் கொடுக்காதீங்க, பேசினா பார்க்க முடியாது. ஊர்க்காரங்ககிட்டகூட இப்போ பேச்சை நிறுத்திட்டேன். உயிரோட இருக்கேனோ இல்லையோன்னு அங்கே தவிச்சுட்டிருப்பாங்க."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. வெள்ளைச் சமவெளியைப் பார்த்தது. ஓரத்து மலைகளைப் பார்த்தது. சாரம்மாவின் மேனியில் ஓடிய பெரும் பிளவைப் பார்த்தது. கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் படமாக எடுத்து உள்ளே அடுக்கிக்கொண்டது. புளூட்டோ அசையாமல் இருந்தான். படத்துக்கு நிற்கிறவன் மூச்சை அடக்கிக்கொள்வானே, அந்த மாதிரி.

அவ்வளவுதான், தாண்டிப் போய்விட்டது.

"என்னங்க, கூப்பிடுங்க!" சாரம்மா பதறினாள். "சத்தமா கூப்பிட்டா ஒருதரம் திரும்பாதா? நீங்க கூப்பிடலேன்னா நான் கூப்பிடுறேன்!"

கூப்பிடத்தான் வாயைத் திறந்தான் புளூட்டோ. தொண்டை வரை குரல் வந்துவிட்டது. முன்னே பார்த்தான். கலம் போகிற திசையில் விளக்கில்லை, வீடில்லை, இருட்டு மட்டும்தான்.

"வேண்டாம் சாரம்மா. போற பிள்ளையைப் பின்னாலேர்ந்து கூப்பிடக் கூடாது. நம்மை விட்டா அதுக்கு வழியில யாரு இருக்கா? நல்லபடியா போகட்டும்." வந்த குரலை அப்படியே விழுங்கிவிட்டான்.



பிறகு சாரம்மாதான் மெதுவாக, "கரைச்ச ஆலத்தை என்ன பண்றது? யாருக்கும் சுத்தாம கொட்டக் கூடாதே" என்றாள்.

புளூட்டோ தட்டைப் பார்த்தான். எதிரே இருக்கிறவளைப் பார்த்தான். இத்தனை காலமும் அந்த ஒரு முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். அன்றைக்குத்தான் அதுவும் வாடும் என்று தெரிந்தது.

"தலையைக் குனி."

"எதுக்கு?"

"குனியேன்."

"என்ன கூத்து இது! நான் என்ன விருந்தாளியா?"

"வீட்டுக்கு வந்த நாள்ல உனக்கு யாரு ஆலம் சுத்தினா? யாருமில்லையே. வாயாடாம குனி."

சாரம்மா வாயை மூடியது அன்றுதான் முதல் தடவை. குனிந்தாள். அவன் தட்டை மூன்று சுற்றுச் சுற்றினான். பொட்டு வைக்கக் கை எட்டவில்லை. என்ன செய்வான்? ஆலத்தைத் தன் மூச்சில் கலந்து, மெள்ள ஊதினான். ஊதியது மெதுவாகப் போய் அவள் உச்சந்தலையில் படிந்தது. மிச்சத்தைக் கொட்டும்போது கை தவறி, அவன் இடுப்பிலேயே வழிந்து கறையாகிவிட்டது.

"கரைக்கத்தான் தெரியலைன்னா கொட்டவும் தெரியலை" என்றாள் அவள். "என்னங்க... அங்கே பாருங்க."

தூரத்தில் போய்க்கொண்டிருந்த கலம் திரும்பியிருந்தது. யாரும் கூப்பிடாமலே கண்ணை இந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பார்த்தது. சூரியன் இப்போது புளூட்டோவின் முதுகுக்குப் பின்னால். அவனைச் சுற்றி மெல்லிசாக ஒரு நீல ஒளி வளையம். அதையும் சாரம்மாவின் சிவந்த உச்சியையும் படம் எடுத்துக்கொண்டது.

அந்தப் படங்கள் நம் ஊருக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் வந்து சேர்ந்தன. வெறும் இருட்டுக் கல்லாக இருக்கும் என்று நினைத்தவர்கள் திரைமுன் எழுந்து நின்றுவிட்டார்கள். மலை இருக்கிறது, சமவெளி இருக்கிறது, சமவெளியில் ஒரு குழிகூட இல்லை. அதன் ஜோடிக்குத் தலை சிவந்திருக்கிறது. ஏன் சிவந்தது என்று படித்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அன்று முதல்தான் சாரம்மாவின் உச்சி சிவப்பு. அழிந்துவிடக் கூடாதே என்று அவன் இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறான், அவளும் தலையைக் குனிந்தேதான் வைத்திருக்கிறாள்.

அவர்கள் வீட்டுச் சங்கதி இது, நாலு பேர் வாயில் விழ வேண்டாம். விழுந்தே தீருமென்றால் விழட்டும். யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள். நெப்டியூன் பொய் சொன்னதையும் போட்டு உடைத்தாயிற்று, அவர் பெரிய இடம்.