மன்னருக்காக அழ வந்தவள்

பூங்குறிச்சி அரசர் நீலமேக பூபதிக்கு அந்த ஐப்பசியில் தூக்கமே போய்விட்டது. காரணம், பெரிய ஏரி. கரையில் விரிசல் விட்டிருந்தது. மழையோ இன்றைக்கா நாளைக்கா என்று நின்றது. கரை உடைந்தால் ஊரும் வயலும் தண்ணீரோடு போய்விடும்.

போய் அடைக்க வேண்டியதுதானே என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். கரை வேலைக்கு முதல் கூடை மண்ணை அரசர் தம் கையால் போட வேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம். அதற்கு முன் ஒருவரும் மண்வெட்டியைத் தொடமாட்டார்கள். அரசரோ கட்டிலை விட்டு எழுந்தால்தானே!

"கட்டியவர் என் பாட்டனார். விரிசல் விடுவது மட்டும் என் காலத்திலா? வேறு எந்த அரசனுக்காவது இப்படி நடக்குமா?" என்று புலம்புவார். புலம்பப் புலம்ப நெஞ்சு படபடக்கும். படபடக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் புலம்புவார். வைத்தியரின் கஷாயத்தால் வாய் கசந்ததுதான் மிச்சம்.

அரசவை விகடர் கூத்தபிரான் ஒருநாள் மெல்ல ஆரம்பித்தார். "பிரபு, ஏரிப்பக்கம் ஒரு நடை..."

அரசர் பொங்கிவிட்டார். "ஏரி, ஏரி, ஏரி! ஏரிக்காக எல்லாரும் கவலைப்படுகிறீர்கள். எனக்காக அழ இந்த நாட்டில் ஒருவராவது உண்டா? நாளைக் காலைக்குள் அப்படி ஒருவரைக் கொண்டு வா. இல்லையென்றால் உனக்கு இங்கே வேலை இல்லை!"

"உத்தரவு" என்றார் கூத்தபிரான். வாயைப் பொத்திக்கொண்டுதான் வெளியே போனார். பணிவா சிரிப்பா, யாருக்குத் தெரியும்?

மறுநாள் காலையில் அவர் அழைத்து வந்தவள் சிலம்பாயி. சாவு வீடுகளில் ஒப்பாரி வைப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. வந்தவள் தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். கட்டிலருகே சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"நான் இன்னும் சாகவில்லையே!" என்று அலறினார் அரசர்.

"அழ ஆள் கேட்டீர்கள் பிரபு. நாட்டிலேயே நன்றாக அழுபவள் இவள்தான்" என்றார் கூத்தபிரான்.

சிலம்பாயிக்கு வேலை நடந்தாக வேண்டும். "சாமி, சேதி தெரியாம பாட முடியாதுங்க. கரை விரிஞ்சுதாமே, நீங்க என்ன செஞ்சீங்க?"

"மிகவும் வேதனைப்பட்டேன்."

"சரிங்க. அப்புறம்?"

"பயந்தேன்."

"அப்புறம்?"

அரசர் மேல்கூரையைப் பார்த்தார். "மறுபடியும் வேதனைப்பட்டேன்."

சிலம்பாயி பெருமூச்சு விட்டாள். இருப்பதை வைத்துத்தானே பாட முடியும்? மார்பில் அடித்துக்கொண்டு எடுத்தாள் ஒரு குரல்:

"கரை விரிஞ்சு கெடக்கையில, என்னப் பெத்த ராசாவே,
கட்டிலிலே படுத்தியே, என்னப் பெத்த ராசாவே!
ஊரு கூடை ஏந்தி நிக்க, என்னப் பெத்த ராசாவே,
ஒருகை மண்ணு போடலையே, என்னப் பெத்த ராசாவே!"

அரண்மனை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. நாலைந்து பெண்கள் பழக்கதோஷத்தில் கூடவே மார்பில் அடித்துக்கொண்டார்கள். அரசரின் முகம் சிவந்தது.

"நிறுத்து! இது என்ன பாட்டு? நல்லதாக ஒரு வரி கூடவா இல்லை?"

"நான் என்ன பண்ணட்டும் சாமி? நீங்க எதையாச்சும் செஞ்சாத்தானே நான் பாட முடியும்?"

அரசர் கூத்தபிரானை முறைத்தார். கூத்தபிரான் தம் கால் கட்டைவிரலை மிகுந்த கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். மறுகணம் அரசர் கட்டிலிலிருந்து குதித்தார். செருப்பைக்கூடத் தேடவில்லை. நேரே ஏரிக்கரை!

முதல் கூடை மண் விழுந்ததும் ஊரே இறங்கியது. ஒரு கூடையோடு திரும்ப நினைத்த அரசருக்கு மனசு வரவில்லை. "அந்தப் பக்கம் போடு! இங்கே நன்றாக மிதி!" என்று கத்தியபடி தாமும் சுமந்தார். பொழுது சாயும் நேரத்தில் விரிசல் அடைபட்டது. மழை கொட்டியது. கரை அசையவில்லை.

சேறு வழிய நின்ற அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். "கூத்தபிரான், காலையிலிருந்து பயப்படவே மறந்துவிட்டேனே!" கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் சிலம்பாயிக்குக் கொடுத்தார். அப்படியே அருகிலிருந்த காவல் குடிசைக்குள் போய் உட்கார்ந்தார்.

சிலம்பாயிக்குச் சங்கடமாக இருந்தது. கூத்தபிரானிடம் மெதுவாகச் சொன்னாள். "மாலையெல்லாம் குடுத்துட்டாரு. அழுவுறதுக்கு இப்ப ஒண்ணுமில்ல. ராசா தூங்கி ரொம்ப நாளாச்சாமே, ஒரு தாலாட்டாச்சும் பாடிட்டுப் போறேனுங்க."

கூத்தபிரான் குடிசைக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே இடிச் சத்தத்தையும் மிஞ்சிக் கேட்டது அரசரின் குறட்டை.

"வேண்டாம் அம்மா" என்றார் அவர். "எழுந்துவிட்டால் பாவம், மறுபடியும் நாம்தான் அழ வேண்டும்."