ரப்பர் தவளை

"எவனோ ஒரு படுபாவி, குஞ்சுகளோட இருந்த விராலைத் தூக்கிட்டான். அவன் கை விளங்குமா?"

ஏரியைப் பார்த்தபடிதான் கத்தினார் இருதயம் வாத்தியார். பள்ளிக்கூட வாத்தியார் இல்லை, தூண்டில் வாத்தியார். கரையோரத்தில் விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று ஒரே திரளாய் மேலே வந்து மூச்சு வாங்கின. காவலுக்குப் பெரிய மீன் இல்லை. ஜிலேபி மீன்கள் கீழிருந்து பாய்ந்து பாய்ந்து குஞ்சுகளை அள்ளின.

பக்கத்தில் நின்ற கந்தப்பன் தூண்டில் முனையிலிருந்து ரப்பர் தவளையைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவன் காலடியில், ஈரக் கோணிக்குள், விரால் உயிரோடு அடித்துக்கொண்டிருந்தது.

தேங்காய் மண்டிக்காரன். வாத்தியாரைவிட மூத்தவன். மூட்டை தூக்கி மேலே வந்தவன். பேரத்துக்கு உட்கார்ந்தால் எதிராளி எழுந்து ஓட வேண்டும். இந்த ஏரி மட்டும் அவனுக்குப் படியவே இல்லை. மண்புழு போட்டான், உயிர்த் தவளை போட்டான், மினுக்குகிற தகடு போட்டான். ஒன்றும் தொடவில்லை. இன்று மத்தியானம் சம்பந்தி வீட்டார் சாப்பிட வருகிறார்கள். "நானே பிடிச்ச விரால் குழம்பு" என்று வேறு சொல்லித் தொலைத்துவிட்டான்.

"வாத்தியாரே, திட்டுறதை அப்புறம் திட்டுங்க. ஒரு சந்தேகம். உயிர்த் தவளையைத் தொடாத மீன், ரப்பர் தவளையைப் போய் அப்படிக் கவ்வுச்சே, எப்படி?"

"எங்க வீசுனீங்க?"

"குஞ்சுக் கூட்டத்து நடுவுல. முதல் வீச்சுல வரல. விடாம அங்கேயே போட்டேன்."

வாத்தியார் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அது கிடக்கட்டும் கந்தப்பண்ணே. மூட்டை தூக்கி முன்னுக்கு வந்தேன்னு சொல்லிட்டுத் திரியறீங்க. மாமனார் காசுல மண்டி வச்ச ஆளுன்னுல்ல ஊர்ல பேசிக்கிறாங்க?"

கந்தப்பன் சிரித்து மழுப்பப் பார்த்தான்.

"தோள்ல ஒரு காய்ப்புகூடக் கிடையாதாமே?"

அடுத்த நொடி வாத்தியாரின் சட்டை கந்தப்பன் பிடியில் இருந்தது.

"எந்த நாய்டா சொன்னான்? கூட்டிட்டு வா அவனை!"

"யாரும் சொல்லல."

"பின்னே?"

"அதுவும் ரப்பர் தவளைதான்."

கந்தப்பனின் கை தானாகத் தளர்ந்தது. கசங்கிய சட்டையை நீவிவிட்டான். கோணியைப் பார்த்தான். ஆனாலும் வியாபாரி வாய் சும்மா இருக்குமா?

"சம்பந்திகிட்ட வாயை விட்டுட்டேன் வாத்தியாரே. ஒண்ணு செய்வோம். அடுத்த வாரம் ஆயிரம் குஞ்சு விலைக்கு வாங்கி இதே ஏரியில விடறேன். சரியாப் போச்சா?"

சிவப்புத் திரள் அதற்குள் பாதியாகியிருந்தது.

வாத்தியார் மறுபடி ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டு கத்தினார்.

"எவனோன்னுதான் இன்னும் சொல்லிட்டிருக்கேன், பேரைச் சொல்லல! அந்த எவனோ இப்பவாவது கோணியை அவிழ்த்து, தூக்கின இடத்துலயே கொண்டுபோய் விடட்டும்!"