தாண்டவன் கிடந்த மணல்குழி

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், நம் பாட்டனுக்குப் பாட்டனும் பிறக்காத நாளில், மணல்மேடு என்றொரு ராஜ்யம் இருந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பைத்தியம். வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்துத் தூரத்துக் குழியில் விழவைக்க வேண்டும். ராஜாவும் இதைத்தான் ஆடினார், மந்திரியும் இதைத்தான் ஆடினார். ராஜ்யத்தை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

அந்த ஆட்டத்தில் தாண்டவனை மிஞ்ச ஆளில்லை. கூகையன் என்ற மந்திரவாதியையே தோற்கடித்துவிட்டான். தோற்றவன் சும்மா போவானா? ஒரு பிடி சாம்பலை ஊதினான். தாண்டவன் வெள்ளைப் பந்தாகச் சுருண்டு, ஆழமான மணல்குழியில் விழுந்தான்.

வயலில் வேலையாக இருந்த அவன் மனைவி காத்தாயி ஓடி வந்தாள்.

"மூணு தடவை அடிக்க விடுறேன்," என்றான் கூகையன். "பந்தைப் புல்லுக்கு ஏத்திட்டா உன் புருஷன் ஆளாயிடுவான். தப்பினா ஒவ்வொண்ணா மறந்துடுவான். முதல்ல ஊரு, அப்புறம் ஆட்டம், கடைசியா நீ. உன்னையும் மறந்துட்டா மணலோட மணல்."

"பயப்படாத காத்தாயி," என்றது பந்து. "என் கோலை எடு."

எடுத்தாள். ஒருநாளும் தோற்காத கோல் அது. மணலில் படுகிற அதன் அடிப்பாதம் கத்தி போல ஒல்லி. தாண்டவன் கை புல்லைத் தடவுகிற மாதிரி வீசும். அந்தக் கைக்கு அது சரி. காத்தாயியுடையது மண்வெட்டி பிடித்த கை. தலைக்கு மேலே போய்ச் செங்குத்தாக இறங்கியது. மணலோ பொலபொலவென்று கிடந்தது. கோல் புதைந்தது, பந்து அசையவில்லை.

"காத்தாயி, நாம எந்த ஊரு?" என்று கேட்டான் தாண்டவன்.

ராஜா இரக்கப்பட்டுத் தன் தங்கக் கோலைக் கொண்டுவரச் சொன்னார். "பாதம் நல்ல அகலம்மா. மணல்ல புதையவே புதையாது," என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அரண்மனையிலிருந்து கோல் வருவதற்குள் ஒரு மழை கொட்டி ஓய்ந்தது. மணல் இறுகிவிட்டது. எல்லோரும் தங்கத்தைப் பார்த்தார்கள், மணலை யாரும் பார்க்கவில்லை. அகலப் பாதம் இறுகிய மணலில் பட்டுத் துள்ளி, பந்தின் வயிற்றில் மோதியது. பந்து குழிச்சுவரில் இடித்து, கிடந்த இடத்துக்கே உருண்டு வந்தது.

"எதுக்கு என்னை அடிக்கிற? இது என்ன விளையாட்டு?" என்றான் அவன்.

ஒருவர் பின் ஒருவராக ஊரார் கலைந்தார்கள். ராஜாவும் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். காத்தாயிக்கு நெஞ்சே விட்டுப்போயிற்று. இனி அடிக்கவே வேண்டாம் என்று நினைத்தாள். அடிக்காவிட்டால் பந்தாகவாவது கிடப்பான், தன் பெயரையாவது சொல்லுவான்.

"காத்தாயி," என்றது பந்து, "இங்க மூச்சு முட்டுது."

குழியோரம் ஒரு குவியல் கிடந்தது. தோற்றவர்கள் கோபத்தில் வீசிய கோல்கள் அவை. தோற்றால் கோலைத் திட்டுவதுதான் அந்த ஊர் வழக்கம். காத்தாயி அழுதுகொண்டே கிளறினாள்.

"என்னை எடு, நான் வெள்ளி," என்றது ஒன்று.

"என்னை எடு, நான் மந்திரியோட கோல்," என்றது இன்னொன்று.

துருப்பிடித்த ஒன்று மட்டும், "உன் கை எப்படி இறங்கும்?" என்று கேட்டது.

"மண்வெட்டி மாதிரி."

"அப்போ அகலப் பாதம் வேணும். மண்ணு எப்படி இருக்கு?"

அப்போதுதான் அவள் காலால் மணலை அழுத்திப் பார்த்தாள். "மேல இறுகியிருக்கு. அடியில கொஞ்சம் இளக்கம்."

"அப்போ ஒல்லிப் பாதம் வேணும்."

"ரெண்டும் வேணும்னா நான் எங்க போவேன்?"

"நான் ரெண்டுங்கெட்டான். அதனாலதான் இங்க கிடக்கேன். ஜெயிச்சிடலாம்னு சொல்ல மாட்டேன். உன் கைக்கும் இந்த மண்ணுக்கும் என்னைவிடப் பொருத்தமா இங்க ஒண்ணும் இல்ல, அவ்வளவுதான்."

அவள் எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினாள்.

"காத்தாயி, நீதானே?"

"நான்தாங்க," என்று சொல்லி, கண்ணை மூடாமல் அடித்தாள்.

மணல் தெறித்தது. பந்து மேலே ஏறி, புல்லில் விழுந்து, மனிதனாக எழுந்தது. கூகையன் ஊதிய சாம்பல் அந்த மந்திரவாதிமேலேயே திரும்பிக் கவிந்து, அவனை இருந்த இடம் தெரியாமல் ஆக்கியது. ஊர் திரும்பி ஓடிவந்தது. ராஜா காத்தாயிக்கு ஆற்றங்கரை நிலமெல்லாம் எழுதிக் கொடுத்தார்.

தாண்டவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஒருவரையும் தெரியவில்லை. அவள் கையிலிருந்த கோலைத் தொட்டு, "இது எதுக்கு?" என்றான்.

"ஒண்ணுமில்லைங்க. வாங்க, வீட்டுக்குப் போகலாம்."

"வீடு எந்தப் பக்கம் காத்தாயி?"

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.