கரையடிப் பொங்கல்

"எவ்வளவு சேர்த்தாலும் போதும்னு தோண மாட்டேங்குதே, ஏம்மா?"

காளத்தி இதைக் கேட்காத நாளில்லை. பூங்காவனத்தம்மை பதில் சொன்ன நாளுமில்லை.

காளத்தி மேலேரிக்கு மணியக்காரர். எந்த மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதெல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். தலை நரைத்த மனிதர். ஏரிக்கரை மேட்டில் மடம் போட்டிருந்த அம்மைக்கு அவரைவிட வயது குறைவு. ஆனாலும் அவருக்கு அம்மைதான் குரு. ஊரார் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

சிக்கனத்துக்கும் அவர் பேர் போனவர். தைப்பொங்கலன்று பானை பொங்கும் நேரத்தில், பால் வீணாகிறதே என்று மனைவியிடம் அடுப்பு விறகை வெளியே இழுக்கச் சொல்வார். அந்த வீட்டில் பொங்கல் வைப்பார்கள், பொங்கத்தான் பொங்காது.

"ஏரி நிரம்பட்டும். சொல்றேன்" என்றார் அம்மை ஒருநாள்.

அந்த ஏரி நிரம்பி வெகுகாலம் ஆகியிருந்தது. போன வருஷம் கடைசித் தண்ணிக்கு வழியில்லாமல், பால் பிடித்த கதிரெல்லாம் நின்ற இடத்திலேயே பதராகிப் போனது. காளத்தி வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். இனி ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்று அன்றைக்கே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

இந்த ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மேலேரி தளும்பியது.

ஏரி கொள்ளாத தண்ணீர் வழிந்து போகக் கரையின் ஓரத்தில் தாழ்வாக ஒரு கல்லணை உண்டு. அதைக் கோடி என்பார்கள். கோடி வழிகிற நாள் ஊருக்கே திருவிழா. கோடியடியில் அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைத்து, பம்பை கொட்டி, தண்ணீரைக் கும்பிட்டு வழியனுப்புவார்கள். அது வாய்க்காலோடு போய்க் கீழேரியை நிரப்பும். அதை நம்பித்தான் கீழூர்க்காரர்கள் நாற்று விட்டிருந்தார்கள்.

காளத்தி கோடியின்மேல் மணல் மூட்டை அடுக்கிவிட்டார்.

கீழூர் ஆட்கள் வந்து கெஞ்சினார்கள். வெள்ளம் வருமுன் அணை போடு என்று பெரியவர்கள் சொன்னபடிதான் செய்திருக்கிறேன் என்று அவர்களிடமே பெருமையடித்துக்கொண்டார். பழமொழிக்கு வாயிருந்தால் அன்றைக்கு அழுதிருக்கும்.

மழை விடவில்லை. மூட்டைமேல் மூட்டை ஏறியது.

ஒரு காலையில் மழை சற்று ஓய்ந்தபோது, கரையின் வெளிப்புற அடிவாரத்தில் ஈரம் கசிவதைக் கண்டார். அந்த அடிவாரத்தை ஒட்டித்தான் ஊர். வைக்கோலும் களிமண்ணும் திணித்து அடைத்தார். பக்கத்தில் இன்னொரு இடத்தில் கசிந்தது.

மடத்துக்கு ஓடினார்.

"கரை நிக்கணும்னு ஆசீர்வாதம் பண்ணுங்கம்மா."

அம்மை எழுந்தார். பானையை எடுத்தார். அரிசி, பால், வெல்லம், காய்ந்த விறகு எல்லாம் எடுத்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினார். காளத்தி பின்னாலேயே போனார். அம்மை கோடிப் பக்கம் திரும்பவில்லை. கசிவு கண்ட இடத்துக்கு நேர் கீழே போய் நின்றார். மூன்று கல்லைக் கூட்டினார். பானையை ஏற்றினார்.

"அம்மா, இங்க வேணாம். மேட்டுக்குப் போயிடலாம்."

"பொங்கல் எங்க வைக்கிறது வழக்கம், காளத்தியாரே?"

"ஏரித் தண்ணி வெளியே போற எடத்துலம்மா."

"அங்கதான் வைக்கிறேன்."

காளத்தி நிமிர்ந்து பார்த்தார். தலைக்கு மேலே கரை. கரைக்கு அந்தப் பக்கம் அவர் சேர்த்து வைத்த அத்தனையும்.

திரும்பிப் பார்த்தார். அவர் வீட்டு வாசலில் மருமகள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"எந்திரிங்கம்மா" என்று கும்பிட்டார்.

அம்மை அடுப்பை ஊதினார்.

காளத்தி ஓடினார். முதல் மூட்டையை அவரே பிடுங்கி எறிந்தார். மணியக்காரருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று ஊரார் ஓடிவந்தார்கள். கரையடியில் புகையும், புகைக்கு நடுவில் அம்மையும் தெரிந்ததும் விஷயம் புரிந்தது. ஆளுக்கொரு மூட்டையில் கை வைத்தார்கள்.

பாதி மூட்டை போனபோதே தண்ணீர் மீதியைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தது. நுரைத்துக்கொண்டு விழுந்தது. வாய்க்காலில் இறங்கிக் கீழூரைப் பார்க்க ஓடியது. காளத்தி முழங்கால் தண்ணீரில் நின்று சிரித்தார். அழவும் செய்தார். போன வருஷத்து அழுகை இல்லை இது.

கரையடிக் கசிவு மெல்ல மெல்ல நின்றது. ஏரி எங்கும் போய்விடவில்லை. கோடி மட்டத்துக்கு நிறைந்து, அசையாமல் கிடந்தது.

வெயில் எட்டிப் பார்த்த நேரத்தில் பம்பைச் சத்தம் கேட்டது. கீழூரே ஆடிக்கொண்டு வந்தது. கெஞ்சிப் பார்த்து வெறுங்கையோடு போனவர்கள் மாலையோடு வந்து, காளத்தி கூசக் கூச அவர் கழுத்தில் போட்டார்கள். இரண்டு ஊரும் கோடியடியில் ஒன்றாக நின்றது. அதற்குள் அம்மையின் அடுப்பும் பானையும் அங்கே வந்து சேர்ந்திருந்தன.

"என்னமோ கேட்டுக்கிட்டே இருப்பீங்களே, காளத்தியாரே?" என்றார் அம்மை.

பால் விளிம்புக்கு ஏறியது.

பழக்க தோஷம். காளத்தியின் மனைவி விறகை வெளியே இழுக்கக் குனிந்தாள்.

காளத்தி அவள் கையைப் பிடித்தார். இன்னொரு விறகை எடுத்து, அடுப்புக்குள் தள்ளினார்.