ராசா கையில் சிந்தாத மோர்

செம்பாறைக்கோட்டை ராசா மங்கபதிக்கு இரண்டு பெருமை. ஒன்று அவருடைய மீசை. இன்னொன்று அவருடைய மோர்.

குடிக்கிற மோர்தான். வெள்ளிக்கிழமைதோறும் குன்றின் உச்சியில் இருக்கிற முருகன் கோயிலுக்குப் பல்லக்கில் போவார். கையில் விளிம்புவரை மோர் நிறைந்த வெள்ளிக் கிண்ணம் இருக்கும். உச்சி போய்ச் சேரும்வரை ஒரு சொட்டு சிந்தாது. மேலே இறங்கி, ஊரே பார்க்கக் குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொள்வார்.

ஒருநாள் பல்லக்குத் தூக்குகிறவர்களின் தலைவன் சடையன் சபைக்கு வந்து நின்றான்.

"ராசா, மலை ரொம்பச் செங்குத்துங்க. போன வாரம் நம்ம ஆள் ஒருத்தனுக்குத் தோள் பிசகிப் போச்சு. மலையைச் சுத்தி வளைச்சு ஒரு பாதை போட்டுக் கொடுத்தா புண்ணியமாப் போகும்."

"செங்குத்தா?" ராசா பக்கத்தில் இருந்த மாசிலாமணிப் புலவரைப் பார்த்தார். "செங்குத்து என்றால் என்ன புலவரே?"

"நட்ட கம்பம்போல் நிமிர்ந்து நிற்பது, அரசே."

"நம் குன்றில் ஆடு மேய்கிறது. கம்பத்தில் ஆடு மேயுமா?"

சபை சிரித்தது. புலவரும் சிரித்தார்.

"என் கையில் மோர் அசையவில்லை. அப்படியென்றால் இந்த மலை சமதரைக்குச் சமானம். என் மலையைப் பழித்துவிட்டாய், சடையா. வருகிற வெள்ளிக்கிழமை அது செங்குத்துதான் என்று எனக்குக் காட்டு. இல்லையென்றால் உன் கூட்டத்தோடு ஊரைவிட்டுப் புறப்படு."

சடையன் நேரே மந்திரி ஆவுடையப்பன் வீட்டுக்கு ஓடினான். நடந்ததைக் கேட்ட மந்திரி ஒன்றே ஒன்று கேட்டார்.

"அது சரி, மோர் எப்படியப்பா சிந்தாமல் இருக்கிறது?"

சடையனுக்கு அந்தக் கவலையிலும் முகம் மலர்ந்துவிட்டது. "அதுங்களா. மேலே ஏறும்போது முன்னால போற நாங்க பல்லக்குத் தண்டை இடுப்புக்கு இறக்கிப் பிடிப்போம். பின்னால வர்றவங்க தலைக்கு மேல தூக்கிப் பிடிப்பாங்க. பல்லக்கு ஒரு பக்கமும் சாயாது. எங்கப்பன் காலத்திலிருந்து அதுதானுங்க எங்க கௌரவம்."

"நல்லா இருக்கு. மலையை நீங்களே மறைச்சு வெச்சுட்டு, ராசாவுக்கு மலை தெரியலைன்னு அழறீங்க."

வெள்ளிக்கிழமை வந்தது. ராசா கிண்ணத்தோடு பல்லக்கில் ஏறி உட்கார்ந்தார். ஆவுடையப்பன் கைகட்டி நின்றார்.

"ராசா, ஒரு உத்தரவு வேண்டும். இது சமதரை என்று தாங்களே சொல்லிவிட்டீர்கள். சமதரையில் தூக்குகிறமாதிரி எல்லோரும் தண்டைத் தோளில்தான் வைக்க வேண்டும். இது செங்குத்து என்று தங்கள் வாயால் சொன்னால் ஒழிய யாரும் மாற்றிப் பிடிக்கக் கூடாது."

"அதற்கென்ன. அப்படியே ஆகட்டும்" என்றார் ராசா.

அடிவாரம்வரை ஒன்றும் இல்லை. ஏற்றம் தொடங்கியதும் மோர் முதலில் மார்பில் இறங்கியது. பிறகு மீசை நனைந்தது. கிண்ணம் உருண்டு போயிற்று. ராசா மெதுவாகப் பின்னால் சரிந்து, திண்டுகளுக்குள் தலை புதைந்து, கடைசியில் ஊருக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு பாதங்கள்தான்.

"ஆவுடையப்பா, என்னய்யா இது?" திண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"சமதரைதான், ராசா. கொஞ்சம் நீளமான சமதரை."

"நான் விழப்போகிறேன்."

"சமதரையில் யாராவது விழுவார்களா ராசா?"

இன்னும் பத்தடி ஏறினார்கள். தலைப்பாகை தனியாக அடிவாரத்துக்குப் புறப்பட்டது.

"செங்குத்து. செங்குத்தய்யா. இறக்கித் தொலையுங்கள்."

இறக்கினார்கள். ராசாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஒருவரும் தூக்க வேண்டாம். நானே நடந்து போகிறேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். கல்லைப் பிடித்தார், வேரைப் பிடித்தார், ஒரு இடத்தில் சடையன் தோளையும் பிடித்தார். ஒருவழியாக உச்சிக்கு வந்து கோயில் படியில் சாய்ந்தார்.

புலவரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கையில் ஓலையும் எழுத்தாணியும் இருந்தன. மூச்சு வாங்கினாலும் கடமையை விடவில்லை.

"அரசே, செங்குத்து என்ற சொல்லுக்குப் பொருளைத் திருத்த வேண்டும். என்னவென்று எழுதட்டும்?"

ராசா வாயைத் திறந்தார். "ஹா... ஹா... ஹா..." வெறும் மூச்சுதான் வந்தது. கையைக் காட்டினார். மறுபடியும் "ஹா... ஹா..." என்றார்.

ஆவுடையப்பன் சொன்னார்: "அதையே எழுதிக்கொள்ளுங்கள் புலவரே."

ராசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க மூச்சில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சிரித்தார், மீசையிலிருந்து மோர் சொட்டச் சொட்ட.

அந்த வருஷமே குன்றைச் சுற்றி வளைந்து வளைந்து பாதை வந்தது. சடையன் கூட்டம் ஊரிலேயே இருந்தது. வெள்ளிக் கிண்ணம் ஆவுடையப்பனுக்குப் பரிசாகப் போயிற்று. ராசா வெள்ளிக்கிழமை மோரை விடவில்லை. ஆனால் அதற்கப்புறம் கிளம்புவதற்கு முன்பே குடித்துவிடுவாராம்.